வண்டிக்கு அக்கட்டால

எங்கள் ஊர்த் தீர்த்தக்காவடிக் குழுவில் ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவர் என் அத்தை முத்தாத்தாள்.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தண்ணீரைக் குடத்தில் முகந்துகொண்டு பழநிக்கு நடந்து போகிற கூட்டம் எங்களுடையது. வழியில் மூன்று இரவுகள் தென்னந்தோப்பிலோ அறுப்பு முடிந்த காட்டிலோ தங்குவோம். சமையல் சாமானையும் பாய்களையும் ஏற்றிக்கொண்டு திருமூர்த்தியின் குட்டியானை லோடு வண்டி கூடவே ஊர்ந்து வரும். சாப்பாடு முடிந்து பெண்கள் பாயை உதறும் நேரத்தில் அத்தை இடுப்பில் கையை வைத்து நின்று அறிவிப்பார்:

"கொறட்ட உடறவங்க எல்லாம் வண்டிக்கு அக்கட்டால போயிருங்க. நாளைக்கு நடக்கோணும். மத்தவங்க தூங்கோணும்."

வண்டிக்கு இந்தப் பக்கம் தூங்குகிறவர்கள், அந்தப் பக்கம் குறட்டைக்காரர்கள். பக்கத்துத் தோட்டத்துப் பாவாத்தாள் சின்னம்மா வருடம் தவறாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு அக்கட்டால போகிறவர். ஒருமுறை மட்டும் கேட்டுப் பார்த்தார்.

"நான் உடறது உங்க காதுல உழுந்துதுங்களாக்கா?"

"என் காதுல என்ன, பழனி மலை மேல இருக்கறவருக்கே உழுந்திருக்கும். போ பாவாத்தா, போ."

அத்தைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. மஞ்சள் போடுகிற தோட்டம். ஈரோட்டுக்கு விற்கப் போகும்போது ஐயாசாமி மாமாவை வண்டியோடு நிறுத்திவிட்டு, தானே உள்ளே போய்க் கிழங்கை உடைத்துக் காட்டி விலை பேசுகிறவர். காவடியில் சமையல் பொறுப்பு அவருடையது. விரதச் சமையலை ருசி பார்க்கக் கூடாது என்பதால், கொதிக்கிற ஆவியை முகர்ந்தே உப்புப் போதுமா என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச காலமாக ஒரு கோளாறு. உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். மண்டியில் ஏலம் நடக்கும்போது மூட்டையில் சாய்ந்து தூங்கினார். அடுப்பின் முன்னால் கரண்டியைப் பிடித்தபடி தூங்கினார். போன பங்குனியில், ஒரு ரோட்டோரத்தில், தலையில் தீர்த்தக்குடத்தோடு நடந்துகொண்டே தூங்கினார். கால்கள் மட்டும் நடந்தன. ஆள் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டின் நடுவுக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரில் ஜல்லி லாரி. பின்னால் வந்த பாவாத்தாள் சின்னம்மா முந்தானையைப் பிடித்து இழுத்ததில், குடம் தளும்பியதோடு போயிற்று.

அதன்பிறகுதான் கோயமுத்தூரில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் இரவில் சரியான தூக்கமே இல்லை, பகலில் தூக்கம் தள்ளுகிறது என்றார் டாக்டர். முகமூடியும் நீளக் குழாயுமாக முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் எழுதிக் கொடுத்தார். அது காற்றை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும், மூச்சுக்குழாய் அடைக்காது. ஓர் இரவு மாட்டாவிட்டாலும் மறுநாள் தூக்கம் வரும், ரோட்டில் நடக்கும்போது ஜாக்கிரதை என்றார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்: "குறட்டை ரொம்பப் பலமா இருக்கும்மா."

"நானுங்களா?" என்றார் அத்தை.

மாமா சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

"ஏனுங்க, நான் கொறட்ட உடறனா?"

"லேசா."

"எத்தன வருசமா?"

"கல்யாணத்துக்கு அப்பறம்தான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னால உங்கூட்டுலதான் கேக்கோணும்."

"ஏன் சொல்லுல?"

"சொன்னா நீ சங்கடப்படுவயேன்னு உட்டுட்டேன்."

ஊருக்கெல்லாம் குறட்டைத் தீர்ப்பு எழுதியவர் பஸ்ஸில் ஊர் வரும்வரை தூங்கிவிடாமல் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தார்.

மெஷினோ நன்றாக வேலை செய்தது. மாமாதான் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "இருட்டுல முழிச்சுப் பாத்தா பக்கத்துல புள்ளையார் படுத்திருக்கறாரு மாப்ள." ஆனால் அத்தை பகலில் தூங்குவது நின்றுவிட்டது. முகம் தெளிந்தது. தை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"கிருபா, இந்த வருசமும் நான் நடக்கோணும். தோப்புல ராத்திரிக்கு இந்த மெஷினுக்குக் கரண்டு வேணும். ஆனா என்னத்துக்குன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"வழியில ஏதாவது ஊட்டுல ஒரு பிளக் கேட்டா குடுப்பாங்களே அத்தை?"

"கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. நான் மூஞ்சில குழாய மாட்டிட்டுப் படுக்கறத பாவாத்தா பாத்தான்னா அப்பறம் நான் அந்தக் கூட்டத்துல கரண்டி புடிக்க முடியாது. நீதான் கரண்டு படிச்சிருக்கயே கண்ணு. ஒரு ஏற்பாடு பண்ணு."

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் எலக்ட்ரிகல். நான் கறுப்பு அங்கியில் நிற்கிற படம் அத்தை வீட்டுக் கூடத்தில்தான் பெரிதாக மாட்டியிருக்கிறது. அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து முடியாது என்று எப்படிச் சொல்வது?

கணக்குப் போட ஆரம்பித்தேன். மெஷினின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் தொண்ணூறு வாட் என்று இருந்தது. எட்டு மணி நேரத் தூக்கம் என்று பெருக்கினால், மூன்று இரவுக்குத் தூக்க முடியாத அளவு பேட்டரி வேண்டியிருந்தது. பிறகு ஒரு மீட்டரைச் செருகிப் பார்த்தால் மெஷின் முப்பதுதான் எடுத்தது. சந்தோஷப்பட்டேன். தொண்டை வறளாமல் இருக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை ஓட விட்டால் அதுவே இரண்டு மடங்கானது. பேட்டரி விளம்பரங்களில் ஒன்று வாட் என்றது, ஒன்று வாட்-அவர் என்றது, இன்னொன்று கைப்பேசிக்காரர்கள் மாதிரி பெரிய பெரிய எண்ணாக மில்லி ஆம்பியர்-அவர் என்றது. பரீட்சையில் இதில் நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான். பரீட்சையில் அத்தை வரவில்லை.

மாமா எட்டிப் பார்த்தார். "எத்தன எச்பி மாப்ள?"

"அரைக்கால் எச்பி வருமுங்க மாமா. அதுகூட இல்லைங்க."

"அரைக்கால் எச்பிக்கா இத்தன ரோசன? நம்ம கெணத்து மோட்டாரு ஏழரை. சுவிட்சப் போட்டா ஓடுது."

"அது லைன்ல வர்ற கரண்டுங்க. இது ரொப்பி வெச்சுச் செலவு பண்றது."

"எவ்வளவு செலவாகுமுன்னு?"

"அதான் பாக்கறனுங்க."

"தோட்டத்துக் கரண்டுல எவன் செலவு பாத்தான்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடுகிற வீட்டில் யூனிட் என்பது டவுன் பக்கம் குடியிருக்கிறவர்கள் பேசுகிற பேச்சு.

கோயமுத்தூரில் சோலார் சாமான் விற்கும் சென்னகேசவன் கடைக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்.

"என்ன ஓட்டறதுக்கு சார்?"

"ஃபேனுங்க."

"ஃபேனா? சின்னப் பெட்டி போதுமே."

"இல்லைங்க, நடுராத்திரி ஒரு நிமிசங்கூட நிக்கக் கூடாது. சத்தம் வரக் கூடாது. லைட்டு எரியக் கூடாது."

"சார், ஃபேனுக்கடியில யார் படுக்கறாங்க?"

நான் பர்ஸை எடுத்தேன். அவர் மேலே கேட்கவில்லை. எடுத்துத் தூக்குகிற அளவில் ஒரு பேட்டரிப் பெட்டி, மடக்கி வைக்கிற சோலார் பேனல், வண்டியின் சாக்கெட்டில் செருகிப் பெட்டியை ஏற்றுகிற வயர் என்று எடுத்து வைத்தார். மெஷினைப் பன்னிரண்டு வோல்ட்டில் நேராக ஓட்டும் வயரை ஆஸ்பத்திரிக்காரர்களிடமே வாங்கிவிட்டேன். கடைசியில் சென்னகேசவன், பல்லால் கவ்விப் பிடிக்கிற இரண்டு முதலைக் கிளிப் வைத்த ஒரு சாக்கெட்டைப் பையில் போட்டார்.

"இது எதுக்குங்க?"

"எதுக்கோ. விக்க மாட்டேங்குது. இருக்கட்டும் சார்."

இப்படியாகத் திட்டம் தயாரானது. இரவில் பெட்டியிலிருந்து மெஷின். பகலில் வண்டியின் கூரைமேல் பேனல். போதாததற்கு வண்டி ஓடும்போது சாக்கெட்டிலிருந்து ஏறும். அத்தை குறட்டைப் பக்கமும் படுக்காமல் தூங்குகிற பக்கமும் படுக்காமல், தீர்த்தக்குடங்களுக்குக் காவல் என்று சொல்லி, தார்ப்பாய் கட்டிய வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வார். காகிதத்தில் ஓட்டையே இல்லை.

கொடுமுடிக் கரையில் பூஜை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கிளம்புகிற எதற்கும் பொட்டு வைக்காமல் கிளம்ப மாட்டோம். வண்டிக்கு, அடுப்புக்கு, அண்டாவுக்கு என்று வைத்துக்கொண்டு வந்த பாவாத்தாள் சின்னம்மா, பெட்டிக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். அது சரியாக, எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று காட்டுகிற கண்ணாடியின் மேல் விழுந்தது. சாமிப் பொட்டைத் துடைக்கக் கை வரவில்லை. கணக்குதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

"இதென்ன பொட்டிங்கக்கா?"

"கரண்டுப் பொட்டி. ஃபேனுக்கு" என்றார் அத்தை.

முதல் இரவு முத்தூரைத் தாண்டி ஒரு தோப்பு. காலையில் அத்தை தார்ப்பாயை விலக்கிக்கொண்டு, பூத்த முகத்தோடு இறங்கினார். நான் பெருமையாகத்தான் இருந்தேன்.

குழப்பம் காப்பி நேரத்தில் ஆரம்பித்தது.

"ஏனுங்க முத்தாத்தாக்கா, உங்க பொட்டியில செல்லு சார்ஜ் போட்டுக்கட்டுங்களா?"

"அதுக்கென்னங்க, போட்டுக்குங்க."

கேட்டவர் நன்றி சொல்லிப் போனதும் இன்னொருவர் வந்தார். ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்பதா? பிறகு பவர் பேங்க்குகள் வந்தன. பிறகு முருகன் பாட்டுப் போடுகிற ஸ்பீக்கர். பெட்டியிலிருந்து மாங்காய்க் கொத்துப் போல வயர்கள் தொங்கின. அத்தையை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"அத்தை, கணக்குத் தப்புதுங்க."

"ஊடு தேடி வந்து கேக்கறவங்களுக்கு இல்லைன்னு சொல்றதா கண்ணு?"

"இது ஊடு இல்லைங்களே, வண்டி."

"நம்ம பொட்டி இருக்கற எடம் நம்ம ஊடுதான்."

"எதுக்குன்னு சொல்லிட்டா அவங்களே கேக்க மாட்டாங்க."

"அத சொல்றதுக்கா இத்தன ஏற்பாடு பண்ணுன?"

சொன்னால் கேட்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் மறுக்க முடியாது. எங்கள் ஊர் மரியாதைக்கு எத்தனை வாட் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

வெயில் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன். மத்தியானம் கூரையைப் பார்த்தால், பேனலின் மேல் நாலைந்து பச்சை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. குளித்தவர்கள் நல்ல சூடான இடமாகப் பார்த்து விரித்திருக்கிறார்கள். வண்டிச் சாக்கெட்டாவது ஏற்றியிருக்கும் என்று திருமூர்த்தியிடம் கேட்டேன்.

"இன்னைக்கு எவ்வளவு நேரம் ஓட்டுனீங்கண்ணா?"

"எங்கீங் தம்பி ஓட்டறது. நீங்க நடக்கறீங்க. நான் சித்த தூரம் போயி நிறுத்திப்போட்டுத் தூங்கறேன். அவ்வளவுதான்."

நடக்கிறவர்களோடு வருகிற வண்டி ஓடாது என்பது என் காகிதத்தில் இல்லை.

சாயங்காலம் தாராபுரத்துக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே காற்றும் கோடை மழையும் சேர்ந்து அடித்தன. அரிசி மூட்டை, விறகு, பாய் எல்லாம் வண்டிக்குள் ஏறிக்கொண்டன. தீர்த்தக்குடங்கள் தரையைத் தொடக் கூடாது. அவற்றையும் உள்ளேயே கம்பியில் தொங்கவிட்டார்கள். அத்தை படுக்க ஒரு சாண் இடமில்லை. சுற்றுவட்டாரத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. எங்கோ கம்பம் சாய்ந்துவிட்டது, காலையில்தான் வரும் என்றார்கள். மழை விட்டதும் பெட்டியின் பொட்டை விரலால் துடைத்தேன். கண்ணாடியில் ஒற்றை இலக்கம் இருந்தது. ஒரு மணி நேரம் ஓடினால் அதிகம்.

அத்தை எண்ணைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். மேற்கில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. ஈர ரோட்டில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"நாளைக்கு அந்த ரோடுதான?"

"ஆமாங்க அத்தை. போன வருசம் சின்னம்மா இழுத்த எடம்."

நான் பையைக் குடைந்தேன். சென்னகேசவன் போட்ட முதலைக் கிளிப் கையில் சிக்கியது. வண்டியின் பேட்டரியில் இதை மாட்டி, மெஷின் வயரை இதில் செருகினால் ஓடும். சூடாக்கும் பகுதியை நிறுத்திவிட்டால் விடியும்வரை தாங்கும் என்றுதான் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்ல முடியும். அன்றைக்கு என் கணக்கின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "குடுக்கறதுக்கென்னங். ஆனா பேட்டரி எறங்கிப்போச்சுன்னா காலையில ஸ்டார்ட் ஆவாதுங்க. எல்லாரும் தள்ளோணும். எதுக்குத் தள்றமுன்னு கேப்பாங்கல்லோ? நானென்ன சொல்லட்டுமுங்க, ஃபேனுன்னா?"

அத்தை ரோட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழக்கமாக நிற்கிற மாதிரியே, வண்டியின் முன்னால் இடுப்பில் கையை வைத்து நின்றார்.

"எல்லாருங் கேட்டுக்குங்க. அது ஃபேன் பொட்டி இல்லைங்க. எனக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குது. மெஷின் மாட்டுனாத்தான் தூங்கறேன். தூங்காம நடந்தா நாளைக்கு லாரிக்கடியில போயிருவேன். பொட்டியில கரண்டு தீந்துபோச்சு, வண்டி பேட்டரில மாட்டப் போறேன். காலையில வண்டி கெளம்புலீன்னா தள்ளிக் குடுக்கோணும்." செருகிய சேலையை மறுபடியும் செருகினார். "அப்பறம், நானும் கொறட்ட உடறவதான்."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் துருவிக்கொண்டேயிருந்தார். ஆச்சரியப்பட்ட முகம் ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிறகு ஒவ்வொருவராகக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி வந்தார்கள்.

"தெரியாம எடுத்துப்போட்டமுங்க. தம்பி, என்ர செல்லு ரொம்பியிருக்குது. இத அதுலயே திருப்பி ஊத்திருங்க."

"அப்படித் திரும்பாதுங்க."

"பரவால்லைங் தம்பி, எனக்கு டார்ச் மட்டும் எரிஞ்சா போதும். நீங்க முழுசா எடுத்துக்குங்க."

"இல்லைங்க, இதுல இருந்து அதுக்குப் போகாதுங்க."

"எங்க மனசு நோகுமுன்னு பாக்காதீங்க தம்பி. கைமாத்து வாங்குனது திருப்பித்தானுங்க ஆகோணும்."

நான் மரியாதைக்கு மறுப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள். கரண்டு ஒரு திசையில்தான் போகும் என்பதை விளக்க முயன்றேன். பாதியில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சில கைப்பேசிகளில் திருப்பியும் போகும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கடைசியில் ஏழெட்டுக் கைப்பேசிகள் பெட்டியின்மேல் படையல் போலக் கிடந்தன. எதிலிருந்தும் எதுவும் எதற்குள்ளும் போகவில்லை.

திருமூர்த்தி டார்ச் அடித்து பேட்டரி மூடியைத் திறந்தார். அது வண்டியின் அடியில், பக்கவாட்டில் இருந்தது. கிளிப்பைக் கவ்வவிட்டு, வயரை இழுத்துப் பார்த்தேன். வயர் நீளம் குறைவு. பேட்டரிக்குப் பக்கத்தில்தான் பாய் போட முடியும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பாய் விரித்திருந்தது. அதன் மேல் பாவாத்தாள் சின்னம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பேட்டரி இருந்தது வண்டிக்கு அக்கட்டால.

அத்தை தன் பாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"வாங்கக்கா" என்றார் சின்னம்மா, நகர்ந்து இடம் விட்டபடி. "இத்தன வருசமா உங்களுக்கு எடம் புடிச்சே வெச்சிருக்கறனுங்க."

"உனக்குத் தெரியுமா?"

"இக்கட்டால இருந்து கேக்கறது அக்கட்டால கேக்காதுங்களா? வண்டி என்ன செவுரா?"

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லுல?"

"கரண்டி புடிக்கறவங்ககிட்ட எப்படிங்க சொல்றது? மறுநாள் சோறு வேணுமில்ல."

அத்தை பாயை விரித்தார். சிரிக்கிறாரா கோபமா என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை. மெஷினை எடுத்துக் கொடுத்தேன். வளைகிற குழாயையும் முகமூடியையும் சின்னம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பையில் கை விட்டுக் குங்குமச் சிமிழை எடுத்தார். நான் அவசரமாக மெஷினில் எண் தெரிகிற கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டேன்.

விடிந்ததும் திருமூர்த்தி சாவியைத் திருகினார். வண்டி முனகியது, எழவில்லை. எல்லோரும் செருப்பில்லாத காலோடு ஈர மண்ணில் ஊன்றித் தள்ளினோம். அத்தை நடுவில் நின்று தோளைக் கொடுத்தார். கண்ணில் தூக்கத்தின் சுவடே இல்லை. தீர்த்தக்குடங்கள் உள்ளே ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. மூன்றாவது தள்ளலில் வண்டி புகையைக் கக்கிப் புறப்பட்டது.

மூச்சு வாங்க நின்றபோது சின்னம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னைக்கு ராத்திரி இவங்கள இக்கட்டாலயே படுக்க வெச்சுக்குங்க சாமி. மெஷின மாட்டுனதுக்கு அப்பறம் சத்தமே இல்லைங்க. பக்கத்துல ஆள் இருக்கறாங்களா இல்லையான்னு தெரியாம நான் ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுத் தொட்டுப் பாத்தேன்."

அத்தை குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். சின்னம்மா வழக்கம்போலப் பின்னால் போகப் போனார். அத்தை திரும்பிப் பார்த்தார்.

"பொறவால எதுக்கு வர்ற? பக்கத்துல வா."

இருவரும் ஒன்றாக ரோட்டில் ஏறினார்கள். நான் வண்டியின் கூரைமேல் ஏறி, பேனலின் மேல் யாரோ அதற்குள் விரித்திருந்த துண்டை எடுத்து மடித்தேன்.